தூண்டில் வளைவு

ஞாயிறு முதல் பூசை முடிந்து
வெளுக்கும் முன்னே வீடு வந்ததும்
பெர்க்மான்ஸ் சட்டையைக் கழற்றி
பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு காட்டி உட்காருவார்.
நான் டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொள்வேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்
இந்த முதுகை இப்படிப் பார்த்ததில்லை.
அப்போதெல்லாம் அது
கடலுக்குப் போகும் முதுகு.
இப்போது ஒவ்வொரு மச்சமும் எனக்குத் தெரியும்.
வலது தோளுக்குக் கீழே உளுந்தளவில் ஒன்று,
நாலு விரல் தள்ளி, சேர்ந்தாற்போல் மூன்று,
இடுப்பில்
எந்த ஊரில் எந்தத் தூண்டில் கிழித்ததென்று
அவருக்கே நினைவில்லாத தழும்பு.
போன மாதத்து முதுகு ஒரு பக்கம்,
இந்த மாதத்து முதுகு எதிர்ப்பக்கம்.

உள்ளே இருக்கும் நுரையீரல் வேறொருவனுடையது.
பெயர் சொல்லமாட்டார்கள்.
"சின்ன வயசு" என்று மட்டும்
ஒரு நர்ஸ் வாய்தவறிச் சொன்னாள்.
பூசைக்குக் கொடுக்கும் சீட்டில்
பெயர் எழுதும் இடத்தை வெறுமனே விட்டுவிடுவேன்.
சாமியார் அங்கே வந்ததும்
ஒரு மூச்சு நின்று
அடுத்த பெயரைப் படிப்பார்.

காலை ஒன்பது, இரவு ஒன்பது.
டெல்பினின் போன் அலறும்.
அந்தப் பையனின் மூச்சை
அந்நியன் என்று இவர் உடம்பு அடித்துத் துரத்தாமலிருக்க
உடம்பின் கையைக் கட்டிப்போடும் மாத்திரைகள்.
கருங்கல்லிலிருந்து அக்கா சுமந்துவந்த பம்பளிமாஸை
வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன்.
ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடுமாம் அந்தப் பழம்.
அக்கா ஒரு மாசம் பேசவில்லை.

கட்டிய கையைக் கண்டால்
புற்று துணிந்து ஏறும் என்றார் டாக்டர்,
பெரும்பாலும் தோலில், வெயில் பட்ட இடங்களில்.
படம் போட்டு விளக்கப் போனார்.
இரயுமன்துறைக்காரிக்கு எதற்குப் படம்?
தூண்டில் வளைவுக்குக் கல் போட்ட கரையில் மணல் சேரும்.
கல் இல்லாத அடுத்த கரையில்
கடல் அடுக்களைவரை வந்து
பானையைத் திறந்து பார்க்கும்.

ஆழ்கடலில் நாற்பது நாள் எஞ்சின் ஓட்டினவர்
பகலில் தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்கு
முழுக்கைச் சட்டை, தொப்பி, மாஸ்க்,
எல்லாவற்றுக்கும் மேலே என் பூப்போட்ட குடை.
"புதுமாப்பிள்ள வாறாருடேய்" என்கிறார்கள் பையன்கள்.
இவர் குடையைச் சாய்த்து
ராஜா மாதிரி தலையசைக்கிறார்.

முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது வந்தது காதில்.
வலது காதின் உச்சியில்
செதில் ஒட்டினாற்போல.
மீன் கழுவுகிற பழக்கத்தில் நகத்தால் சுரண்டினேன்.
உதிர்ந்தது.
பத்து நாளில் திரும்பி வந்தது, தடித்து.

வெட்டினார்கள்.
விளிம்பெல்லாம் சுத்தம் என்று காகிதம் சொன்னது.
மருந்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார் டாக்டர்.
குறைத்தால்?
உடம்பு நுரையீரல்மேல் பாயலாம்.
குறைக்காவிட்டால்?
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"சாரே, அஞ்சு வருஷம் எத்தன பேரு பாப்பான்?"
"நூற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே."
இவர் விரல் மடக்கினார்.
"எங்க போட்டுல பதினோரு பேரு.
அப்போ ஆறு பேரு கரைக்கு வருவான்."

கணக்கு சரிதான்.
ஒக்கிக்குப் பிறகு எங்கள் கரையில்
யாரும் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்வதில்லை.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இப்போது நோட்டில் காதும் வரைந்திருக்கிறேன்,
சங்கு மாதிரி வந்துவிட்டது.
டார்ச்சை முதுகில் நகர்த்துகிறேன்.
மூச்சு உள்ளே போகையில்
மச்சங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன.
ஸ்கேலை வைத்துக்கொண்டு
அந்தப் பையன் மூச்சை விடும்வரை காத்திருக்கிறேன்.

"சட்டையப் போடட்டா? வெயிலு வந்தாச்சு."

ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொல்கிறேன்:
"இருங்க. இன்னும் ஒரு காது இருக்கு."